தேதி நான் போட்டுக்கறேன்

"ஆறு மாசம் ரோஜா ஷெட்ல பூ கட்டுனவளுக்கு இப்ப எட்டாவது கேக்குதா?"

தலைமையாசிரியர் பூபதி நிமிராமலே கேட்டார். எதிரே நாற்காலி காலியாக இருந்தும் பெருமாள் நின்றுகொண்டிருந்தார். பார்சல் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவனை உட்காரச் சொல்லும் வழக்கம் அந்த அறைக்கு இல்லை.

"அவங்கம்மா படுக்கையா கெடந்தாங்க சார், அதான் நிறுத்திட்டேன். என் தப்புதாங்க. இப்ப எந்திரிச்சு நடமாடறாங்க."

"பேரை அடிச்சு எவ்வளவோ நாளாச்சு. போய்யா."

மகள் வினிதா முள் கீறிய விரல்களைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள். "பதினாலு வயசுதான் சார் ஆகுது. சட்டப்படி சேர்த்துத்தான் ஆகணும்."

"அடேங்கப்பா, வக்கீலம்மா! யாரு சொல்லிக் குடுத்தா, ரோஜாச் செடியா?"

"உங்க ஸ்கூல் சுவத்துலயே பெருசா எழுதிப் போட்டிருக்கீங்களே சார்," என்றார் பெருமாள்.

"எவனோ படிச்சுச் சொல்லி உன்னை ஏத்தி விட்டிருக்கான். அது சுவத்துக்கு எழுதினதுய்யா, உனக்கில்ல. நாளைக்கு இவ பத்தாவதுல உட்கார்ந்து கோட்டை விட்டா, எங்க நூறு சதவீதத்துக்கு நீயா வந்து பதில் சொல்லுவே?"

ஒரு தாளையும் ஸ்டாம்ப் பேடையும் முன்னால் தள்ளினார். "'என் மகளுக்குப் படிப்பு வேண்டாம்'னு நானே எழுதி வெச்சிருக்கேன். கைநாட்டு வெச்சுட்டுக் கிளம்பு. தேதி நான் போட்டுக்கறேன்."

வினிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெருமாள் மையைத் தொடவில்லை. பூபதியின் முன்னால் விரிந்து கிடந்த நீள நோட்டையே பார்த்தார்.

"என்னய்யா பாக்கறே? அட்டெண்டன்ஸ் அது. பொம்மையெல்லாம் இருக்காது."

லாரியில் தலைகீழாக வந்து இறங்கும் பெட்டிகளில் ஊரும் பேரும் கூட்டிக் கூட்டிப் படித்தே, நாற்பது வயதுக்குமேல் எழுத்துக் கற்றவர் பெருமாள். எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அவருக்கு ஒன்றுதான். நோட்டின் ஒரு வரியில் விரலை ஊன்றினார்.

"எட்டாவது ஆ பிரிவு, பெ. வினிதா. இந்த மாசம் ஒருநாள்கூட லீவு போடலீங்க, இன்னிக்கும் வந்திருக்கா," என்றவர், மகள் பக்கம் திரும்பினார். "பெல் அடிச்சிருச்சு பாரும்மா, கிளாஸுக்குப் போ."