எரிக்கத் தகுந்த மனிதர்

தொழில் வளர்ச்சி டைரக்டர் போலீஸோடு வருகிறார் என்ற சேதி தெருமுனையிலிருந்து வந்து சேர்ந்தபோது, நர்சிசா அந்த டைரக்டரின் மூக்குக்குத்தான் வண்ணம் பூசிக்கொண்டிருந்தாள்.

எங்கள் சான் லிசாந்த்ரோவில், ஏன், எக்வடார் கடற்கரை முழுக்கவே, டிசம்பர் கடைசி என்றால் தெருவெல்லாம் காகிதப் பொம்மைகள். அந்த வருஷம் யார்மேல் கடுப்போ அவர்களைப் பொம்மையாக வாங்கி, புத்தாண்டு பிறக்கும்போது வாசலில் நிறுத்தி, ஆசை தீர மிதித்துக் கொளுத்துவோம். மேயர், ஜனாதிபதி, பெனால்டியைக் கோட்டை விட்ட பந்தாட்டக்காரன் எல்லாருக்கும் இடமுண்டு.

நர்சிசா இந்த முறை புதிதாக ஒருவரைச் செய்திருந்தாள். மாகாணத் தொழில்முனைவு வளர்ச்சி டைரக்டர், இஞ்சினியர் வில்யாவ். தொப்பை, கோட்டு, நாக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய கத்தரிக்கோல். மனுஷன் ரிப்பன் வெட்டாத சந்து இந்த ஊரில் கிடையாது.

அவர்தான் இன்று புதுச் சந்தையில் கூரை போட்ட ஒரே ஒரு கடையை, 'மாகாணத்திலேயே கற்பனை வளம் மிக்க தொழில்முனைவருக்கு' நேரில் பார்த்துக் கொடுக்கப்போகிறார். அந்தக் கூரைமேல் நர்சிசாவுக்கு உயிர். நேற்றைய மழையில் அவளுடைய ஜனாதிபதி மொத்தமும் கூழாகிச் சாக்கடையில் போனார்.

"கத்தி எங்க? இவரைத் துண்டு துண்டா வெட்டிடறேன்."

பக்கத்துக் கடை தொமாலா தடுத்தான். "வெட்டாதக்கா. குடு, நான் என் கடையில ஒளிச்சு வெக்கிறேன்."

"மாட்டிக்கிட்டா?"

"அதை அப்பப் பாத்துக்கலாம். குடு."

நல்ல பிள்ளை என்று நம்பிக் கொடுத்துவிட்டாள்.

டைரக்டர் வந்தார். இருபுறமும் போலீஸ். ஒவ்வொரு பொம்மையின் முகத்தையும் குனிந்து பார்த்தார். மேயரின் முன்னால் நின்று பெருமூச்சு விட்டார்.

"மேயர் நல்லா விக்கிறாரா?"

"செஞ்சு மாளலை, இஞ்சினியர்."

"ம். எங்க ஆபீஸ்லேர்ந்து யாரும் இல்லையா?"

"உங்க ஆபீஸ்ல யாரு தப்பு பண்றாங்க? ஜனங்க உங்களைத் தெய்வமா இல்ல நெனைக்கிறாங்க."

டைரக்டரின் முகம் தொங்கிப்போயிற்று. "ஒருத்தர்கூடக் கேக்கலையா?"

"சத்தியமா இல்லை."

"கற்பனை போதாது" என்று போலீஸ்காரரிடம் முனகிவிட்டு நகர்ந்தார்.

அடுத்த நிமிஷம் தொமாலாவின் குரல் தெருவையே தூக்கியது.

"இது என்னுது இல்லை, இஞ்சினியர். நர்சிசா அக்கா செஞ்சது. தொப்பை, கத்தரிக்கோல் எல்லாமே அவங்க கைவேலை. ஒளிச்சு வெக்கத்தான் என்கிட்ட இருக்கு. வேணும்னா தெருவுல யாரை வேணா கேளுங்க."

படுபாவி. போலீஸ்காரர்கள் பொம்மையைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து நர்சிசாவின் முன்னால் நிறுத்தினார்கள்.

டைரக்டர் தன் கத்தரிக்கோல் நாக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"இதை மிதிப்பாங்களா?"

நர்சிசா வண்ணத் தூரிகையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"பயப்படாம சொல்லும்மா. பலமா மிதிப்பாங்களா?"

"பலமாத்தான், இஞ்சினியர்."

டைரக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "பதவிக்கு வந்த நாள்லேர்ந்து ரிப்பன் வெட்டறேன், பயிற்சி முகாம் நடத்தறேன். ஒருத்தன் என்னைத் திட்டினதில்லை. 'உங்களை எரிக்கணும்னு யாருக்குத் தோணும்'னு என் பொண்டாட்டியே சிரிக்கிறா. இப்பத்தான்மா நான் ஒரு ஆளு. என் மாமியார் தெருவுக்கும் நாலு அனுப்பு."

கடைச் சாவியை அவள் கையில் வைத்தார். போலீஸ்காரர்கள் கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் நர்சிசா தொமாலாவின் கடைக்குப் பாய்ந்தாள். அவன் மழையில் ஊறிப்போன பந்தாட்டக்காரனை வெயிலுக்குத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான்.

"துரோகி, போலீஸ்கிட்ட மாட்டிவிடத்தானே பாத்தே? அந்தாளு பைத்தியமா இருக்கப்போய் நான் தப்பிச்சேன்."

"அது எனக்குத் தெரியும்க்கா. இந்த வாரம் பூரா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு வந்து, 'அந்த டைரக்டர் பொம்மை இருக்கா'ன்னு என்கிட்டதான் கேட்டுட்டுப் போறாரு."

"தெரியுமா? என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீ கத்தியில்ல தேடிக்கிட்டிருந்தே. சொன்னா நம்பியா இருப்பே?"

"சரி, அவரு பொம்மையைப் பாத்தப்ப பேசாம நின்னிருக்கலாமே. எதுக்கு ஊரைக் கூட்டி என் பேரைச் சொன்னே?"

தொமாலா பந்தாட்டக்காரனின் ஈரத்தைத் துடைத்தபடியே சொன்னான்:

"பேசாம நின்னிருந்தா, நான் செஞ்சதுன்னு நெனச்சு சாவியை என் கையில இல்ல குடுத்திருப்பாரு?"