பாலம் முடியட்டும்

பாலம் வடிவமைக்கும் பொறியாளர் கம்ப்யூட்டரில் கணக்கை இரட்டைத் துல்லியத்தில் ஓடவிட்டார். அதே கம்ப்யூட்டருக்காகப் பக்கத்து நாற்காலியில் காத்திருந்த வெள்ள ஆய்வாளர் கேட்டாள்:

“இன்னைக்கும் டபுள் பிரிசிஷனா சார்? சிங்கிள்ல போட்டா ரெண்டு மணி நேரத்துல முடியுமே, எதுக்கு நாலு?”

“பாலமாச்சே மேடம்! எட்டாவது தசமத்துல கோட்டை விட்டாலும் ஆபத்து.”

பச்சைப் பொய். இரண்டிலும் ஒரே விடைதான் வருகிறதென்று அவர் என்றைக்கோ சரிபார்த்துவிட்டார். ஆனால் வீட்டுக்குப் போனால் பேச்சுத் துணைக்கு ஈ காக்காய் கிடையாது. இங்கே நாலு மணி நேரம் அவள் இருக்கிறாள்.

கம்ப்யூட்டர் பிரிவு ஊழியர் எட்டிப் பார்த்தார்.

“மேடம், உங்களுக்குன்னு தனியா புது மெஷின் கொடுத்து ஒரு மாசமாச்சு. இன்னும் அட்டைப்பெட்டியையே பிரிக்கலையே?”

அவள் பொறியாளரைப் பார்க்காமலே சொன்னாள்:

“சாரோட பாலம் முடியட்டும். அப்புறம் பிரிச்சுக்கலாம்.”