ஒரே வரியில் எட்டு

திருத்தணி ஆபீஸிலிருந்து காமேஸ்வரி போனில் கத்தினாள்.

"கம்ப்யூட்டர்ல பாதி கமாண்டை அடிச்சு டேப் கீயைத் தட்டினா, மீதியை முடிச்சுக் குடுக்கிற புரோகிராம் இது. எட்டு 'இஃப்' கண்டிஷனையும் ஒரே வரியில திணிச்சு வெச்சிருக்கியே, ஸ்கந்தகுமார்!"

சென்னையில் இருந்த ஸ்கந்தகுமார் அவளை நேரில் பார்த்ததில்லை. "நல்லாத்தானே ஓடிக்கினு இருக்குது, மேடம்?"

"தப்பு வந்தா நான்தானே படிச்சுத் திருத்தணும்? ஒண்ணும் புரியல!"

"ஒவ்வொரு பிராக்கெட்டுக்கும் ஒரு கலர் வருதே. ஸ்கிரீனைப் பார்த்தாலே புரியும்ங்க."

அவள் ஆத்திரத்தோடு ரிசீவரைக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் அருகே பிடித்தாள். "பிராக்கெட் பிராக்கெட் டாலர் பிராக்கெட்..." என்று கம்ப்யூட்டர் மூச்சுவிடாமல் அந்த வரியைப் படித்தது.

"கேட்டியா? எனக்குக் கண் தெரியாது. இப்படிக் கேட்டுத்தான் படிக்கிறேன்."

"ஐயோ, பாவம்... மேடம்..."

"பாவம் பார்க்கச் சொல்லல. வரியைப் பிரிச்சு எழுதச் சொன்னேன்!"