விசில் குசினிக்கு மட்டும்

இடது சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை அந்தக் கம்பியின் மேல் வைத்திருந்தார் கப்டன்.

கப்பலின் பின்னால் கடலுக்குள் இறங்கிப் போகும் இழுவைக் கம்பி. அடியில் கண்ணிவெடி கட்டியிருந்தால் அதன் சங்கிலியை அறுத்து மேலே மிதக்கவிடும். ஏதாவது சிக்கினால் முதலில் காலுக்குத்தான் தெரியும்.

மூன்று வருடமாக அந்தக் காலுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

இளம் வயதில் ஒரு போர்க்கப்பலைச் சேற்றில் ஏற்றியவர். பிரிட்டிஷ் கடற்படை அவரை வீட்டுக்கு அனுப்பியது. ஊரில் கோழி வளர்த்தார். யுத்தம் வந்ததும் கோழிக்காரரும் தேவைப்பட்டார். திருகோணமலையில் பழைய மீன்பிடிக் கப்பல் ஒன்றைக் கையில் கொடுத்து, கப்டன் என்றார்கள்.

மீன் நாறுகிற கப்பல்தான். ஆனாலும் கப்டன். அந்தச் சொல்லை இழந்துவிடக்கூடாது, அவ்வளவுதான் அவருக்கு.

இன்று துருப்புக் கப்பல் புறப்படுகிறது. அதன் தளம் நிறையப் பையன்கள்.

'பாதை சுத்தம்' என்ற கொடியை முன்கூட்டியே ஏற்றச் சொல்லிவிட்டார். கம்பியை இழுத்துக்கொண்டு இன்னும் ஓர் ஓட்டம் பாக்கி. அதனால் என்ன? என்றைக்கு என்ன சிக்கியது?

கம்பி நடுங்கியது.

நடுக்கம் உள்ளங்காலில் தொடங்கி முழங்கால்வரை ஏறியது.

பின்னால் கடல் எதையோ துப்பியது. கறுப்பு உருண்டை. உடம்பெல்லாம் கொம்பு.

கடைசியில் ஒன்று! சிறுபிள்ளைபோலக் குதிக்க வேண்டும் போலிருந்தது அவருக்கு.

அப்போதுதான் முனையைச் சுற்றி வந்துகொண்டிருந்த துருப்புக் கப்பலைப் பார்த்தார். அவருடைய கொடியை நம்பி வருகிறது.

கொடியை இறக்கினார்கள். சிவப்பை ஏற்றினார்கள். மூக்கணாங்கயிற்றை இழுத்ததும் நிற்க அது என்ன மாட்டுவண்டியா? வந்துகொண்டேயிருந்தது.

துவக்குகளை எடுத்தார்கள். ஒருவன் சுட்டான். தண்ணீர் தெறித்தது. இன்னொருவன் சுட்டான். அலை வெடியைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"அலோசியஸ்!" என்று கத்தினார்.

கப்பலிலேயே குறி தவறாதவன் அலோசியஸ்தான். அவனைக் குசினிக்கு அனுப்பி வெங்காயம் உரிக்க வைத்தவரும் இவர்தான். குற்றம்: மேல்தளத்தில் விசிலடித்தது. விசிலடித்தால் காற்று கிளம்பும் என்பது கடற்படையின் பழைய நம்பிக்கை. சமையற்காரனுக்கு மட்டும் விலக்கு. அவன் விசிலடித்துக்கொண்டிருக்கும்வரை புடிங்குக்கு வைத்த முந்திரிகை வத்தலை, அந்த உலர்ந்த திராட்சையை, வாயில் போடவில்லை என்று அர்த்தமாம்.

அலோசியஸ் ஓடி வந்தான். கண்ணெல்லாம் கண்ணீர். வெங்காயம்.

கப்டன் தன் கைக்குட்டையாலேயே அவன் கண்களைத் துடைத்துவிட்டார்.

அவன் மூச்சை அடக்கினான்.

சுட்டான்.

கடல் எழுந்து நின்றது. சத்தம் நெஞ்சில் குத்தியது. அள்ளி வீசியதுபோல உப்புத் தண்ணீர் எல்லோர் தலையிலும் கொட்டியது. துருப்புக் கப்பலில் பையன்கள் தொப்பியை எறிந்து கூவினார்கள்.

அந்தக் கூச்சலுக்கு நடுவே, இந்தத் தளத்தில் ஒரு விசில். நீளமாக, கூர்மையாக.

எல்லோரும் அலோசியஸைப் பார்த்தார்கள். அவன் வாய் மூடியிருந்தது.

கப்டன் வாயிலிருந்து இரண்டு விரல்களையும் மெல்ல எடுத்தார்.

குசினி வாசலில் நின்ற சமையற்காரர் பொன்னுத்துரை தொண்டையைச் செருமினார்.

"துரை, குறை நினைக்காதேங்கோ. விசில் அடிக்கிறதெண்டால் குசினிக்குள்ள வந்துதான் அடிக்கவேணும்."

ஒரு காலில் சப்பாத்து, ஒரு கால் வெறுங்கால். இறக்கிப் போட்டிருந்த கொடியை எடுத்துக்கொண்டு கப்டன் அப்படியே நடந்து குசினிக்குள் போனார். அலோசியஸின் முக்காலியில் உட்கார்ந்தார்.

வெளியே துருப்புக் கப்பல் கடந்துபோனது. பையன்கள் இன்னும் கூவிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிறிய வட்ட ஜன்னலில் அவர்களுடைய முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. எல்லா முகத்தையும் பார்த்தார். சுத்தம் என்று சொன்ன அந்தக் கொடி ஈரத்தோடு அவர் மடியில் கிடந்தது.

பொன்னுத்துரை கத்தியை நீட்டினார்.

கப்டனின் கன்னம் நனைந்திருந்தது. வெங்காயத்தில் அவர் இன்னும் கை வைக்கவில்லை.