பக்கத்து வீட்டுக் கையெழுத்து

“அந்தப் பொண்ணா? ஐயோ, அதைப் பத்தி மட்டும் என்னைக் கேக்காதீங்க தம்பி!”

மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த சத்யப்பிரியாவின் கை, கிளிப்போடு அப்படியே நின்றது. பக்கத்து வீட்டு மங்கலம் அத்தையின் குரல். அந்தப் பொண்ணு என்றால், இந்தத் தெருவில் அவள்தான்.

கைப்பிடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்தாள். மங்கலம் அத்தை இட்லி மாவு விற்கும் வாசலில் ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டு, ஃபைலும் கையுமாக நின்றிருந்தார். கட்டம் போட்ட சட்டை. ஒட்ட வெட்டிய முடி. காலில் பிரவுன் ஷூ.

சத்யாவுக்குப் பொறி தட்டியது. போலீஸ்! மஃப்டியில்தான் வருவார்கள் என்று கடலூர் பாஸ்போர்ட் ஆபீஸ் வரிசையில் முன்னால் நின்ற பரங்கிப்பேட்டைக்காரர் சொல்லியிருந்தார். “அக்கம்பக்கத்துல ரெண்டு பேரு நல்லவிதமா சொல்லி, கையெழுத்து போட்டாப் போதும்மா.”

எதிர்வீட்டு ஜான்சி டீச்சர் போட்டுவிடுவார். இன்னொருவருக்குத்தான் எங்கே போவது? இந்தப் பக்கம் காலி மனை. அந்தப் பக்கம் மங்கலம் அத்தை.

அத்தையோடு அம்மா லோகநாயகி பேசி ஒரு வருஷமாகிறது. சத்யாவைப் பெண் பார்க்க வந்த மூன்று வீட்டாரும் போகிற போக்கில் மாவு வாசலில் விசாரித்தார்கள். அதற்கப்புறம் மூன்று வீட்டிலும் போனை எடுக்கவில்லை. திட்டக்குடி தரகர்தான் கடைசியில் போட்டு உடைத்தார். “எல்லாம் உங்க பக்கத்து வீட்டம்மா திருவாய்தாங்க.” அன்றிலிருந்து அம்மா மாவு வாங்க இரண்டு தெரு தள்ளிப் போகிறாள்.

மாப்பிள்ளைகள் போனதில் சத்யாவுக்கு வருத்தமில்லை. ஆனால் இது பாஸ்போர்ட். கடல் உயிரியல் படித்தவளுக்கு நார்வேயில் ஆராய்ச்சி செய்ய இடம் கிடைத்திருக்கிறது. பழைய பாஸ்போர்ட் காலாவதி. மாசக் கடைசிக்குள் புது பாஸ்போர்ட் நம்பரை அனுப்பாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு.

கீழே பேச்சு தொடர்ந்தது.

“வீடு தங்காது தம்பி. விடிஞ்சா பரங்கிப்பேட்டை பஸ்ஸு. கடல்ல எறங்கி என்னத்தையோ பொறுக்கி, பாட்டில் பாட்டிலா கொண்டாரும். உள்ள நெளியும்!”

“பாட்டில்ல… நெளியும்,” என்று அவர் எழுதிக்கொண்டார். “கொணம் எப்படிங்க?”

“கோவம் மூக்கு மேல. போன மாசம் ஒரு தட்டு பறந்துச்சு பாருங்க, எங்க முருங்கை மரத்துல வந்து மாட்டிக்கிச்சு.”

பறந்தது வற்றல் தட்டு. பறக்கவிட்டது காற்று.

சத்யா, இறங்க வேண்டிய ஸ்டாப்பை பஸ் தாண்டிவிட்டால்கூட கண்டக்டரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப்பிலிருந்து நடந்து வருகிறவள். அன்று படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினாள். சத்தம் கேட்டு அம்மாவும் அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னால் ஓடி வந்தாள்.

“அத்தை! அவரு போலீசு! என் பாஸ்போர்ட் என்கொயரிக்கு வந்திருக்காரு!”

மங்கலம் அத்தையின் கரண்டி மாவுக்குள் விழுந்தது.

“போலீசா? மாப்ள வீடு இல்லையா?”

“போலீஸ்தாம்மா. பேரு கொளஞ்சி,” என்று அவர் அடையாள அட்டையைக் காட்டினார்.

“அதை மொதல்லயே சொல்றதில்லையா? பொண்ணு எப்படி, கொணம் எப்படின்னு கேட்டா நான் என்னன்னு நெனப்பேன்? அடிங்க, எழுதினதையெல்லாம் அடிங்க. புதுசா எழுதுங்க. பொறந்ததிலேர்ந்து பாக்குறேன், தங்கமான பொண்ணு. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாது.”

“இப்பதான் கோவம் மூக்கு மேலன்னீங்க?”

“அது மாப்ள வீட்டுக்கு. இது சர்க்காருக்கு.”

“அப்ப அந்த பாட்டிலு?”

“ஆராய்ச்சி தம்பி! எறா குஞ்சு, நண்டு குஞ்சு. ஒவ்வொண்ணுக்கும் பேரெழுதி ஒட்டி வச்சிருக்கும். நம்ம வீட்டுப் புள்ளைங்களுக்குக்கூட நாம அப்படிப் பாத்துப் பாத்துப் பேரு வச்சதில்ல.”

கொளஞ்சி ஒரு முழுப் பக்கத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். அத்தை மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, புதுத் தாளில் கையெழுத்துப் போட்டாள். கேட்காமலேயே போன் நம்பரையும் ஆதார் நம்பரையும் ஒப்பித்தாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே ஜான்சி டீச்சர் வீட்டுப் பக்கம் போனார்.

அதுவரை பொறுத்திருந்த அம்மா இப்போது ஆரம்பித்தாள்.

“ஆக, மூணு சம்பந்தத்தையும் வேணும்னேதான் கெடுத்திருக்கீங்க. என் பொண்ணு உங்களை என்னங்க பண்ணிச்சு?”

அத்தை கரண்டியைத் தேடி எடுத்து, மாவைக் கலக்கினாள்.

“அழுதுச்சு லோகா. மொத மாப்ள வந்துட்டுப் போன அன்னிக்கி, மாடியில நின்னு அழுதுச்சு. என்னம்மான்னேன். ‘கல்யாணம் ஆயிட்டா என் படிப்பு அவ்வளவுதான் அத்தை, யாராச்சும் நிறுத்துனா தேவலை’ன்னுச்சு. நிறுத்துனேன்.”

சொன்ன சத்யாவுக்கே அது மறந்துபோயிருந்தது.

அம்மா மகள் பக்கம் திரும்பினாள். “என்கிட்ட ஏன்டி சொல்லல?”

“நீ கேக்கலையேம்மா. அத்தை கேட்டாங்க.”

அம்மா விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். கதவைச் சாத்தப்போகிறாள் என்றுதான் சத்யா நினைத்தாள்.

எவர்சில்வர் தூக்கோடு திரும்பி வந்த அம்மா, அதை மங்கலம் அத்தையிடம் மாவுக்கு நீட்டினாள்.