நெல்லூர்க்காரன் எச்சில்

"டில்லி அண்ணா, உங்களுக்குக் கூடப் பொறந்தவங்க யாராவது இருக்காங்களா?"

நொச்சிக்குப்பம் சாலையோரத்தில் மீன் நறுக்கிக்கொண்டிருந்த சுப்பம்மாவின் கை நின்றது. "எனக்கு இவன் ஒரே புள்ளம்மா. இன்னாத்துக்குக் கேக்கற?"

கேட்ட தஹ்சீன் ஆராய்ச்சி மாணவி. காலங்காலமாய் இங்கேயே இருப்பவர்களும் வெளியிலிருந்து குடியேறியவர்களும் அப்பா வழியில் எவ்வளவு ஒன்று, எவ்வளவு வேறு என்று எச்சிலை வைத்தே சொல்லிவிடுவாள். போன மாதம் குப்பத்தில் ஒரு முகாம், குடியேறியவர்களுக்கு மந்தைவெளியில் ஒரு முகாம். துப்பினால் ஆளுக்கு ஒரு டிபன் பாக்ஸ்.

"மந்தைவெளியில ஸ்ரீகிருஷ்ணான்னு ஒருத்தர், நெல்லூர்லேர்ந்து வந்தவராம். அவர் எச்சிலும் அண்ணன் எச்சிலும் அப்பா வழியில அச்சு அசல் ஒண்ணு. ஒரே அப்பாவா இருக்குமோன்னு..."

வலையைப் பிரித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் சின்னப்பையனுக்கு வங்கக் கடல் மொத்தமும் மூக்கில் ஏறியது. குப்பத்து முகாம் அன்றைக்குத் தலைவலி என்று போர்த்திப் படுத்த மனிதர் அவர்.

சுப்பம்மா கத்தினால் கலங்கரை விளக்கமே காதைப் பொத்திக்கொள்ளும். இப்போது மெதுவாய்க் கேட்டாள்.

"யோவ், நீ அந்தக் காலத்துல மீன்புடி போட்டு வேலைக்குப் போவியே, அந்த நெல்லூரா?"

சின்னப்பையன் வலையில் இல்லாத முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். ஒன்றில் சோறும் ஒன்றில் குழம்புமாய் அவருக்கு வைத்திருந்த புது டிபன் பாக்ஸ் இரண்டையும் அவள் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

சின்னப்பையன் மகனைப் பார்த்தார். டில்லிபாபு தலையைக் குனிந்து கால் கட்டைவிரலால் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தான். பெற்ற பிள்ளை முகம் பார்க்கக் கூசுகிற அப்பனாகிவிட்டோமே என்று அவருக்கு உடம்பே சுருங்கிப் போனது. பலகை மேல் கிடந்த சங்கரா மீன்கூட அவரையே முறைத்தது.

"சுப்பு, ஒத்துக்கறேன். இவன் வயித்துல இருந்தப்போ புயல்ல மாட்டிக்கினு அங்கியே கெடந்தேனே, அப்போதான். ஆம்பளப் புள்ளைன்னு அப்பால தகவல் வந்துச்சு. பயந்துக்கினு நான் மூஞ்சியக்கூடப் போய்ப் பாக்கல."

சுப்பம்மா அரிவாள்மணையை மடக்கி வைத்தாள். கண்ணைத் துடைத்த கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. தஹ்சீன் ஏன்டா கேட்டோம் என்று நின்றாள்.

டில்லிபாபு மெல்லத் தலை நிமிர்ந்தான். முதலில் டிபன் பாக்ஸ்களைப் பார்த்தான், பிறகு அப்பாவை.

"அவசரப்பட்டுட்டியே நைனா, ரெண்டாவது டப்பாவுக்காகப் பேர மாத்திக்கினு மந்தைவெளியிலயும் நான்தான் துப்புனேன்."