புரிஞ்சுதா?

“அதான் தலைவலி போயிடுச்சே. இன்னும் எதுக்கும்மா பிரஷர் மாத்திரை?” என்று சலித்துக்கொண்டார் அவர்.

மேசைக்கு எதிரே இருந்தவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “தலைவலி போனா பிரஷரும் போயிடுச்சுன்னு யாருங்க சொன்னது? அது சத்தம் காட்டாம உள்ளேயே உக்காந்திருக்கும்.”

“மெஷின்ல பார்த்தா சரியாத்தானே இருக்கு?”

“மாத்திரை போடறதாலதான் சரியா இருக்கு. நிறுத்தினீங்கன்னா பழையபடி ஏறிடும்.”

“சரி, ஒருநாள் மறந்துட்டா மறுநாள் ரெண்டாப் போட்டுக்கறேன்.”

“அந்த வேலையே வேண்டாம்! மறுநாளும் ஒண்ணேதான்.”

“வெளியூர் போனா?”

“உங்களுக்கு முன்னாடி மாத்திரை பஸ் ஏறணும்.”

“பக்கத்து வீட்டுக்காரருக்கும் பிரஷர்தான். தீர்ந்துபோனா அவர்கிட்ட ரெண்டு வாங்கிப் போட்டுக்கலாமா?”

“அவர் கண்ணாடியை மாட்டினா உங்களுக்குக் கண்ணு தெரியுமா?”

அவர் சிரித்துவிட்டார். மேசையில் இருந்த மாத்திரை அட்டைகளை அவள் பக்கம் நகர்த்தினார். “எல்லாம் சரியாச் சொல்லிட்டீங்க. இனிமே தைரியமா எடுத்துட்டுப் போங்க.”

சூளையில் செங்கல் சுமக்கும் அந்தப் பெண், அட்டைகளை எண்ணிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கதவு வரை போனவள் திரும்பினாள்.

“வர்றவங்க எல்லார்கிட்டயும் இப்படித்தான் ஒண்ணும் தெரியாத மாதிரி கேள்வி கேப்பீங்களா டாக்டர்?”

“உங்க வீட்டுக்காரர் தவறினதுக்கு அப்புறம்தாம்மா” என்றார் டாக்டர். “அதுவரைக்கும் நானே எல்லாத்தையும் சொல்லிட்டு, ‘புரிஞ்சுதா?’ன்னு மட்டும் கேப்பேன். அவரும் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டிட்டுத்தான் போனாரு.”